மறுவாழ்வு இல்லங்களும் தனிமனித வழிபாடும்: ஒரு விமர்சனப் பார்வை

ஆசிரமம் ஒன்றிலோ மறுவாழ்வு இல்லம் ஒன்றிலோ கொடுமை நிகழ்ந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம், நம் ஏடுகள் ‘போலி’ என்னும் ஒற்றைச் சொல்லோடு விசாரணையை முடித்துக்கொள்கின்றன. போலிச் சாமியார், போலி ஷைகு, போலி வைத்தியர். அசல் வேறு, போலி வேறு, நாமோ அசலின் பக்கம் நிற்கிறோம் என்னும் ஆறுதலை இச்சொல் நமக்கு அளிக்கிறது. ஆனால் அக்கொடுமை எவ்வாறு நிகழ முடிந்தது என்னும் கேள்விக்கு அது விடையாகாது. இத்தகைய இல்லங்கள் பலவும் தொடக்கத்தில் மெய்யான ஒரு தேவையை நிறைவேற்றியவை. கைவிடப்பட்டோருக்குக் கூரையும் உணவும் கொடுத்தவை. அந்தக் கூரை எந்த இடத்தில் கூண்டாகிறது என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

தமிழகத்தில் இதற்கு அண்மைக்காலச் சான்று, புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலைப் பகுதியில் பாத்திமா நகரில் அமைந்த பிரேமானந்தா ஆசிரமம். அதன் நிறுவனர் இலங்கையின் மாத்தளையைச் சேர்ந்தவர். 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்திற்குப் பின், பெற்றோரை இழந்த பிள்ளைகளுடன் தமிழகம் வந்தார். 1989இல் ஆசிரமம் எழுந்தது. கையசைவில் திருநீறு வரவழைப்பதும், சிவராத்திரியில் வாயிலிருந்து லிங்கம் எடுப்பதும் அவருக்குப் புகழ் சேர்த்தன. வெளிநாட்டு அடியார்களும் திரண்டனர். 1994இல் ஆசிரமத்திலிருந்து வெளியேறிய ஒரு பெண்ணின் வழியாகவே உள்ளே நடந்தவை உலகுக்குத் தெரிய வந்தன. 13 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியமை, ஆசிரமவாசி ஒருவரின் கொலை ஆகிய குற்றங்களுக்காகப் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்ற நீதிபதி ஆர். பானுமதி 1997 ஆகஸ்டில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். கருவின் மரபணுச் சோதனை அவ்வழக்கில் முக்கியச் சான்றாக அமைந்தது. உயர் நீதிமன்றமும், 2005இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தன. 2011இல் அவர் இறந்தார். குற்றச்சாட்டே பொய் என்று கூறும் அடியார்கள் இன்றும் உள்ளனர்.

இதில் நம்மை நிறுத்திவைப்பது திருநீற்று வித்தை அன்று, அப்பிள்ளைகளின் நிலைமை. ஊர் இல்லை, உறவு இல்லை, கடலுக்கு அப்பால் திரும்பிச் செல்ல வீடும் இல்லை. வேறு இல்லங்களில் நிறுவனர் முயன்று அடைக்க வேண்டிய கதவை இங்கே வரலாறே அடைத்துக் கொடுத்திருந்தது. உண்ணும் ஒவ்வொரு கவளமும் ஒருவரின் அருள் என்று கற்பிக்கப்பட்ட பிள்ளை, அவர் மீது யாரிடம் போய் முறையிடும்?

பிற சமயத்தாரின் வீட்டுக் குறையை எடுத்துப் பேசுவதாக எவரும் எண்ணிவிடலாகாது. நம் வீட்டுக் குறையை நாம் மறக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி அழைத்துவரப்பட்ட மனநோயாளர்களைத் தங்கவைத்திருந்த தனியார் இல்லம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். ஒரு வாரத்திற்குள் ஏனைய இல்லங்களும் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். அங்கே தனிமனித வழிபாடு இருந்ததென்று நாம் கூறவில்லை, இருந்தது வணிகம். எனினும் இரண்டுக்கும் ஒரு வேர் பொது. புனிதமான இடத்தின் நிழலில் நடப்பதை எவரும் கணக்குக் கேட்பதில்லை. சங்கிலியை அவ்வூருக்கு ஸியாரத் சென்று வந்த ஆயிரக்கணக்கானோர் கண்ணால் கண்டிருந்தனர். நாமும் கண்டோம். துஆ செய்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.

இம்மாற்றத்தைப் படிப்படியாகக் காட்டும் வரலாறு அமெரிக்காவின் சினனான் இயக்கத்தினுடையது. குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட சார்ல்ஸ் டெடரிக் என்பவர் 1958இல் கலிஃபோர்னியாவில் இதைத் தொடங்கினார். மருத்துவர்களும் கைவிட்ட ஹெராயின் அடிமைகளை அவர் ஏற்றார். வட்டமாக அமர்ந்து ஒருவர் குறையை மற்றவர் ஈவிரக்கமின்றி எடுத்துரைக்கும் ‘விளையாட்டு’ என்னும் முறையே அவரது சிகிச்சை. பலர் மீண்டனர், நாளேடுகள் போற்றின, 1965இல் திரைப்படமும் வந்தது. தொடக்கத்தில், குணமடைந்தவர் வெளியேறி உலக வாழ்வுக்குத் திரும்புவார் என்பதே நோக்கமாக இருந்தது. 1960களின் இறுதியில் டெடரிக் அந்நோக்கத்தைக் கைவிட்டார். அடிமைப்பட்டவன் என்றுமே முழுமையாகக் குணமாவதில்லை. ஆகவே இங்கேயே வாழ வேண்டும் என்றார். மருத்துவமனை குடியிருப்பாயிற்று, குடியிருப்பு, 1970களின் நடுவில் தன்னை ஒரு சமயமென்று அறிவித்துக்கொண்டது. பிறகு ஆணைகள் வந்தன: தலையை மழித்தல், ஆண்களுக்குக் கருத்தடை அறுவை, மணவுறவை முறித்து வேறு துணை கொள்ளுதல். 1978 அக்டோபரில், அவர்களுக்கெதிராக வழக்காடிய பால் மோரன்ட்ஸ் என்னும் வழக்கறிஞரின் அஞ்சல் பெட்டியில், ஒலியெழுப்பும் வால்நுனி நீக்கப்பட்ட நச்சுப்பாம்பு வைக்கப்பட்டது. கடியுண்ட அவர் உயிர் பிழைத்தார். அதே ஆண்டு டெடரிக் கைது செய்யப்பட்டபோது குடித்திருந்தார்! வரிவிலக்கை இழந்த இயக்கம் 1991இல் கலைந்தது.

பாம்பைத்தான் எல்லோரும் பேசுகின்றனர். நம் பார்வையில் கேடு அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, ‘குணமடைந்தவர் வெளியேறுவார்’ என்னும் விதி நீக்கப்பட்ட அன்றே நிகழ்ந்துவிட்டது. நோயாளி குணமாவது இல்லத்திற்கு இழப்பாகிவிட்ட பின், அவனது நோய் இல்லத்தின் சொத்தாகிறது. அவன் உழைப்பு கூலியின்றிக் கிடைக்கிறது. அவன் வட்டத்தில் ஒப்புக்கொண்ட இரகசியங்கள் அவன் கழுத்துக் கயிறாகின்றன. மறைக்கச் சொல்லப்பட்ட பாவத்தைக் கூட்டத்தின் நடுவே உரைக்கச் செய்யும் எந்த முறையிலும் நமக்கு ஐயம் உண்டு. நம் ஷரீஅத் தன் பாவத்தைத் தானே அம்பலப்படுத்துவதை வெறுத்ததன் ஞானம் இங்கே விளங்குகிறது.

நம் மரபில் இதற்கு நேர்மாறான முன்மாதிரி மதீனாவின் திண்ணைத் தோழர்கள். வீடும் பொருளும் அற்ற அந்த அஹ்லுஸ் ஸுஃப்பா, பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே, ஐவேளைத் தொழுகைக்கு வரும் ஊரார் அனைவரின் கண்முன் வாழ்ந்தனர். அதற்கு மதிலும் இல்லை, பூட்டும் இல்லை. வாழ்வாதாரம் கிடைத்தவர் வெளியேறினார். மணமானவர் வீடு அமைத்தார். பசியால் அத்திண்ணையில் சுருண்டு கிடந்த அபூஹுரைரா (ரலி) அவர்களே பின்னாளில் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பஹ்ரைனின் ஆளுநரானார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மாரிஸ்தானும் வக்ஃபு சாசனத்தின் கீழ் இயங்கியது. குணமாகி வெளியேறிய ஏழைக்கு உடையும் பொருளும் வழங்கப்பட்டதாகக் கூறுவர். வழியனுப்புவதும் மருத்துவத்தின் பகுதியாகக் கருதப்பட்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும் என்பதை அறிவோம். குளிப்பாட்டுபவர் கையில் மய்யித்தைப் போல முரீது ஷைகிடம் இருக்க வேண்டும் என்று தஸவ்வுஃப் நூல்கள் கூறவில்லையா? கூறுகின்றன. ஆனால் அது மனோ இச்சையை அடக்கும் பயிற்சிக்குச் சொன்ன உவமை. ஷரீஅத்தின் வரம்பை நீக்கும் அனுமதி அன்று. நபியவர்கள் அனுப்பிய படை ஒன்றின் தலைவர் சினமுற்று, விறகு அடுக்கித் தீ மூட்டி, அதில் குதிக்குமாறு தோழர்களுக்கு ஆணையிட்டார். அவர்கள் தயங்கி நின்றனர். நரகத் தீக்கு அஞ்சியன்றோ நபியிடம் வந்தோம் என்று தமக்குள் கேட்டுக்கொண்டனர். செய்தி எட்டியபோது, கீழ்ப்படிதல் நன்மையில் மட்டுமே என்று பெருமானார் (ஸல்) தெளிவுபடுத்தினார்கள்; குதித்திருந்தால் அவர்கள் அத்தீயிலிருந்து மீண்டிருக்கவே மாட்டார்கள் என்றும் எச்சரித்தார்கள். நம் மத்ரஸாக்களில் இந்த ஹதீஸை ஆட்சியாளர் பற்றிய பாடத்தில் ஓதிக்கொடுத்துக் கடந்துவிடுகிறோம். ஷைகு, உஸ்தாது, நிறுவனர் ஆகியோர் பற்றிய பாடமும் அதுவே என்பதை எத்தனை மாணவர்க்கு உணர்த்தியிருக்கிறோம்?

நாஞ்சில் நாட்டு வரலாறும் இதில் நமக்கு உதவும். 19ஆம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டர் நடத்திய துவையல் தவசில் எழுநூறு குடும்பங்கள் கடலோரத்தில் கூடித் தூய்மையும் கட்டுப்பாடும் பயின்றதாக அம்மரபினர் கூறுவர். கொள்கையில் நாம் வேறுபடலாம். ஆயினும் அத்தவசு முடிவுற்றது, மக்கள் ஊர் திரும்பினர், தலைநிமிர்ந்து வாழ்ந்தனர் என்பது கருதத் தக்கது. தக்கலை பீர்முஹம்மது அப்பா அவர்களோ நெசவுத் தொழிலால் வாழ்ந்தவர் என்பது நம் முன்னோர் சொல்லும் செய்தி. சீடரின் உழைப்பில் அவர் உண்ணவில்லை.

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்? குளச்சல், திருவிதாங்கோடு, இடலாக்குடி முதலிய ஊர்களிலிருந்தெல்லாம் பெற்றோர் நம்மிடம் வருகின்றனர். மகன் குடிக்கிறான், மாத்திரை போடுகிறான். மார்க்கச் சூழல் உள்ள இல்லம் ஒன்றில் சேர்க்க ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்பர். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு ஒரு கடிதம் கொடுத்தோம். நிறுவனர் தஹஜ்ஜுது தவறாதவர் என்று கேள்விப்பட்டதே நமக்குப் போதுமாக இருந்தது. இல்லத்தை நேரில் சென்று பார்க்கவில்லை. ஆறு மாதம் தொலைபேசி கூடாது, பெற்றோர் வரக்கூடாது என்பது அங்கு விதி. திரும்பி வந்த அந்த இளைஞன் குடிப்பதில்லை. தந்தையோடு பேசுவதும் இல்லை. நம்மைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறான்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதை தொடர்பான நோய்களையும் தன் வரம்பில் கொள்கிறது. சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. உள்ளிருப்பவர் வருகையாளரைச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் உரிமை அளிக்கிறது. இச்சட்டத்தை நம் ஜமாஅத் நிருவாகிகளில் எத்தனை பேர் படித்திருப்பர் என்று தெரியவில்லை. கடிதம் எழுதிய அன்று நாமும் படித்திருக்கவில்லை.

அண்மையில் மற்றொரு தந்தை வந்தார். அஸருக்குப் பிறகு கல்லூரித் தாழ்வாரத்தில் அமர்ந்து, இல்லத்தின் பெயரைச் சொல்லிக் கடிதம் கேட்டார். பிள்ளையை நினைத்த நாளில் சென்று பார்க்கலாமா என்று அவர்களிடம் கேட்டீர்களா என்றோம். கேட்கவில்லை என்றவர், அலைபேசியை எடுத்து நம் முன்னிலையிலேயே அழைத்தார். மறுமுனையில் பேசியவர், எங்கள் ஹஜ்ரத் மீது உங்களுக்கு நம்பிக்கை இல்லையா என்று திருப்பிக் கேட்டார். எழுதத் தொடங்கியிருந்த தாளை நாம் மடித்து மேசைக்குள் வைத்துவிட்டோம்.