நிதானம் என்றால் காரணம்

பௌத்தம் என்றதும் இன்று பலருக்கு நினைவில் எழுவது, கண்மூடி அமர்ந்து மூச்சைக் கவனிக்கும் ஓர் உருவம். மன அழுத்தத்துக்கு மருந்து என்ற அளவில் அதைச் சுருக்கிவிட்டார்கள். தியானத்தோடு நற்காட்சியும் நல்வாய்மையும் நேர்மையான பிழைப்பும் புத்தர் வகுத்த எண்வழியின் உறுப்புகளே. நிதானம் என்ற சொல்லையே பாருங்கள்: இன்றைய பேச்சுத் தமிழில் அது பதற்றமின்மை. பௌத்த நூல்களில் அது காரணத்தைக் குறிக்கும். பௌத்தத்தின் உயிர் இந்த இரண்டாவது பொருளில்தான் இருக்கிறது.

சாரநாத்தில் ஐந்து பேருக்குப் புத்தர் சொன்ன முதல் உரையும் அதுவே: துக்கம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, காரணம் அற்றால் துக்கம் அறும், அறுக்க வழி உண்டு. படைத்தவனையோ மாறாத ஆன்மாவையோ அந்த உரை துணைக்கு அழைக்கவில்லை. இந்தப் பௌத்தம் தமிழகத்திலும் வாழ்ந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் தங்கிப் பாலியில் எழுதிய புத்ததத்தர் முதல், சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்த சோழ மன்னன் ராஜராஜன் வரை தமிழகத்துச் செய்திகள் பலரும் அறிந்தவை.

பலரும் நின்று பார்க்காத இடம் பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் முப்பதாம் காதை. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு என வினைப்பயன் வரை ஒன்றுக்கு ஒன்று காரணமாகும் பன்னிரு சார்புகளைப் பௌத்தத் துறவி அறவண அடிகள் அடுக்குகிறார். புலன்களுக்கு வாயில், தொடுகைக்கு ஊறு! இத்தனை நுட்பமான தத்துவம் வீட்டுச் சொற்களில் நடமாடியிருக்கிறது.

பின்னர் அந்தப் பொருள் தமிழ்ப் புலவர்களுக்கே அந்நியமானது. ஏட்டில் மணிமேகலையைப் படித்த உ.வே.சாமிநாதையருக்கு அதன் சமயக் கருத்துகள் பிடிபடவில்லை. கும்பகோணத்தில் மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களின் துணையோடு விளக்கிய பிறகே வழி திறந்தது. 1898இல் காப்பியம் அச்சேறியது.

அதே 1898இல் தமிழ்ச் சிந்தனையாளர் அயோத்திதாசர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அவருடைய சொல்லாராய்ச்சி பல இடங்களில் நிற்காது. ஆனாலும் சாதியைப் பிறவி விதியாக ஏற்காமல், அதற்கு வரலாற்றுக் காரணம் தேடிய துணிவு அசல் பௌத்தத் துணிவு.

அதே 1907இல் ஆங்கிலத்தில் வந்த ‘பௌத்தத்தின் சாரம்’ இன்னும் உறுதியான நூல். எழுதியவர் சென்னையில் இயற்பியல் கற்பித்த பொ. லட்சுமிநரசு. காரண காரியத்தில் பழகிய அறிவு அவருடையது. அந்த நூலில் சாதிக்கும் பெண்களுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. 1948 பதிப்புக்கு அம்பேத்கர் முன்னுரை எழுதினார். எட்டாண்டுகளுக்குப் பின் நாக்பூரில் பௌத்தம் தழுவினார்.

அயோத்திதாசரின் எழுத்துகள் 1999 முதல் தொகுதிகளாக வந்து புதிய வாசகர்களைப் பெற்றன. லட்சுமிநரசுவின் பெயரோ தமிழ்ச் சிந்தனை வரலாறு பேசும்போது இன்றும் அபூர்வமாகவே எழுகிறது. தமிழில் பௌத்தம் கற்பிப்பவர்கள் மூச்சுப் பயிற்சிக்கு முன் அவருடைய சாதி அத்தியாயத்தையும் முப்பதாம் காதையையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பிக்கட்டும். சிறைக்கைதிகளின் பசி தீர்த்த மணிமேகலை, அத்தோடு நிற்காமல் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றும்படி ஏன் அரசனைக் கேட்டாள் என்பது அப்போது மாணவருக்குத் தானே விளங்கும்.