அதபுப் பிரம்பும் மனாமும்: இரு நாவல்களை முன்வைத்து

முஸ்லிம் எழுத்தாளர் ஒருவரின் நாவல் வெளிவந்தவுடன் நம்மவர் முதலில் கேட்பது, 'நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்?' என்பதே. எப்படி எழுதியிருக்கிறார் என்னும் கேள்வி பிறகுதான் வருகிறது. பல வேளைகளில் வருவதே இல்லை. வெளியிலிருந்து வாசிப்போரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. முஸ்லிம் வீட்டுக் கதவு திறந்துவிட்டது, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கலாம் என்ற ஆர்வத்தோடு அவர்கள் வருகிறார்கள். நம்மவர் அந்தக் கதவை ஏன் திறந்தாய் எனச் சினக்கிறார்கள். இருசாராரும் நாவலை ஒரு வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்கின்றனர். அண்மையில் நாம் அடுத்தடுத்து வாசித்த இரு நாவல்களைப் பற்றிய சில எண்ணங்களைச் சக வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள முற்படுகையில், இந்தப் பழக்கத்தை முதலில் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. ஒன்று, தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'. 1997ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது. மற்றது, சல்மாவின் 'மனாமியங்கள்'. 2016இல் வெளிவந்தது.

தமிழ் நாவலுக்கு நாம் புதியவர்கள் அல்லர். 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 'அசன்பேயுடைய சரித்திர'த்தை வெளியிட்டார். 1938இல் நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' நாவலைத் தந்தபோது, உ.வே. சாமிநாதையரே அதற்கு மதிப்புரை வழங்கினார். ஆனால் சித்திலெப்பையின் கதை கண்டியில் நிகழவில்லை. எகிப்திலும் இந்தியப் பெருநகரங்களிலும் நிகழ்கிறது. சொந்தத் தெருவை எழுதும் துணிவு பின்னர் வந்தது. அதற்கு ஓர் அழுத்தமான தொடக்கம் 1988இல் நூலான மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' எனலாம்.

'சாய்வு நாற்காலி'யின் முஸ்தபாக்கண்ணு எந்த வேலையும் செய்வதில்லை. திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் முன்னோருக்குக் கிடைத்த பெருமையும் சொத்தும் அவன் தலைமுறைக்குள் கரைந்துவிட்டன. சவ்தா மன்ஸில் என்னும் பெரிய வீட்டிலிருந்து மரச்சாமான்களும் பழம்பொருள்களும் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. அந்தப் பணம் அவனுடைய உணவு மேசைக்கு வருகிறது. அவன் நாற்காலியை விட்டு எழுவதில்லை. அவ்வீட்டில் 'அதபுப் பிரம்பு' என்று ஒன்று இருக்கிறது. வீட்டுப் பெண்களை அடித்து 'ஒழுங்குபடுத்த' வழிவழியாக வரும் பிரம்பு அது.

இந்தச் சொல்லில் நாம் சற்று நிற்க வேண்டும். 'அதபு' என்பது அரபியின் 'அதப்'. பண்பு, பயிற்சி, சபை ஒழுக்கம், ஆசிரியர்முன் மாணவன் காட்டும் பணிவு எனப் பல பொருள்கள் அதற்குண்டு. இன்றைய அரபியில் இலக்கியத்துக்கும் அதுவே பெயர். ஆன்மாவைப் பண்படுத்தக் குறித்த ஒரு சொல் ஒரு குடும்பத்தின் கையில் பிரம்புத் துண்டாகச் சுருங்கிவிட்டது. மீரான் இதை விளக்கவில்லை, விமர்சிக்கவுமில்லை. பிரம்புக்கு அந்தப் பெயர் இருப்பதைச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்கிறார். இந்நாவல் சமுதாயத்தை இழிவுபடுத்துகிறது என்போர் இந்த இடத்தை மீண்டும் வாசிக்க வேண்டும். இழிவு எங்கே நிகழ்ந்தது? சொல்லைப் பிரம்பாக்கியவரிடமா, பிரம்பை எழுதிக்காட்டியவரிடமா?

மீரானிடம் நாம் மிகவும் மதிப்பது இன்னொன்று. முஸ்தபாக்கண்ணு கொடியவன், ஆயினும் அவனுடைய தனிமையும் அச்சமும் அசட்டுப் பெருமையும் நமக்குத் தெரிகின்றன. அவனை வெறுத்துக்கொண்டே அவன் பக்கத்தில் அமர்ந்திருக்கிறோம். இது எளிதில் கைவரும் திறன் அன்று.

'மனாமியங்க'ளுக்கு வருவோம். தலைப்பே திருக்குர்ஆனை அறிந்த வாசகரை நிறுத்தும். 'மனாம்' என்பது உறக்கத்தையும் உறக்கத்தில் காண்பதையும் குறிக்கும் சொல். இப்றாஹீம் (அலை) அவர்கள் தம் மகனைப் பலியிடுவதாகக் கண்ட கனவைக் கூறும் அஸ்ஸாஃப்ஃபாத் அத்தியாயத்தின் 102ஆம் வசனத்தில் இடம்பெறுவது இச்சொல்லே. அங்கே தந்தை கண்ட கனவை மகனிடம் சொல்லி, அவனுடைய கருத்தைக் கேட்கிறார். சல்மாவின் நாவலில் பெண்களின் கனவைக் கேட்க யாருமில்லை. மெஹரின் கணவன் ஹசன் மார்க்கத்தைத் தூய்மைப்படுத்தும் ஆர்வம் மிக்கவன். வீட்டுப் பெண்களின் உடை, பொழுதுபோக்கு, வெளியே செல்லும் வழி என ஒவ்வொன்றிலும் அவனுடைய கட்டளை நுழைகிறது. அவன் மறுமணம் செய்துகொள்ள, மெஹர் குலாஃ பெற்று விலகுகிறாள். ஹசனின் தங்கை பர்வீனோ வாழப்போன வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். மெஹரின் மகள் சாஜிதா படித்து மருத்துவராக விரும்புகிறாள்.

இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தபோது நமக்குப் புலப்பட்ட ஒன்றைச் சொல்லத்தான் இக்கட்டுரை. 'கடலோர கிராமத்தின் கதை'யில் அகமதுக்கண்ணு முதலாளி ஆங்கிலப் பள்ளியை எதிர்க்கிறார். தங்ஙளின் பெயரால் மூடநம்பிக்கை வளர்கிறது. அந்த ஊருக்குப் பள்ளி நடத்த வரும் ஆசிரியர் மெஹ்பூப்கானும் ஒரு முஸ்லிம்தான். அவர் அறிவின் பக்கம் நிற்கிறார். அன்றைய திருவிதாங்கூரில் வக்கம் அப்துல் காதர் மௌலவி (1873 - 1932) போன்றோர் எழுப்பிய சீர்திருத்தக் குரலின் தொலைதூர எதிரொலி அந்தப் பாத்திரத்தில் உண்டென்பது நம் கணிப்பு. அதாவது 1988இன் நாவலில் சீர்திருத்தம் வீட்டைத் திறக்க வருகிறது. 2016இன் நாவலில் அதே சீர்திருத்தம் வீட்டுக்குத் தாழ்ப்பாள் போடுகிறது. தர்கா வழிபாட்டையும் வீண் சடங்குகளையும் கண்டித்த குரல் நம்மில் பலருக்கு விடுதலையாக ஒலித்த காலம் ஒன்றுண்டு. அக்குரல் சில வீடுகளில் எவ்வாறு இன்னோர் அதபுப் பிரம்பாக மாறியது என்பதை ஆய்வுக் கட்டுரைகளைவிட ஒரு நாவல் நமக்கு உணர்த்தியிருக்கிறது. இதை மார்க்க விரோதம் என்று ஒதுக்குவது சோம்பல்.

ஆயினும் நாவலின் பெருங்குறையும் இங்கேதான். ஹசன் நமக்கு வெளியிலிருந்தே காட்டப்படுகிறான். அவன் தஹஜ்ஜுதுக்கு எழும்போது என்ன நினைக்கிறான்? மறுமையை அஞ்சும் ஒருவன் தன் மனைவியின் கண்ணீருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்குமே என்று ஒருகணமாவது கலங்கினானா? முஸ்தபாக்கண்ணுக்கு மீரான் தந்த உள்ளறை ஹசனுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவன் ஒரு கருத்தின் உருவாக மட்டும் நிற்கிறான். பெண் பாத்திரங்களுக்கு வாய்த்த ஆழம் அவனுக்கு வாய்க்கவில்லை. பெண்ணின் துயரை எழுதுபவர் ஆணுக்கும் நியாயம் பேச வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நம் கோரிக்கை கலை சார்ந்தது: ஒடுக்குபவன் நேர்மையாக நம்பித்தான் ஒடுக்குகிறான் என்று காட்டினால் அச்சம் இன்னும் கூடும்.

குலாஃ பற்றி ஒரு சொல். ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்து மணவிலக்குப் பெற்ற செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. கணவன்மீது பெரிய குற்றம் எதுவும் அந்தப் பெண்மணி சுமத்தவில்லை. அவரோடு வாழ இயலவில்லை என்றே கூறினார். அண்ணலார் (ஸல்) அவர்கள் அவரைத் தடுக்கவுமில்லை. மெஹருக்கும் அந்த உரிமை கிடைக்கிறது. ஆனால் உரிமையைப் பெற்ற பிறகு அவள் எங்கே போவாள், குழந்தைகள் யாரிடம் இருப்பார்கள், ஊர் அவளை எந்தக் கண்ணால் பார்க்கும் என்பனவற்றுக்கு ஜமாஅத்திடம் விடையில்லை. சட்டத்துக்கும் வாழ்வுக்கும் இடையிலான இந்த இடைவெளியை எழுதும் பக்கங்களே நாவலின் மிகச் சிறந்த பகுதி.

மொழி குறித்துச் சுருக்கமாக. மீரானின் தமிழ் மலையாளமும் அரபியும் கலந்த தேங்காய்ப்பட்டினத்துத் தமிழ்; பிற ஊர் முஸ்லிம்களுக்கே அதில் சில சொற்களுக்குப் பொருள் கேட்க வேண்டியிருக்கும். 'முஸ்லிம் தமிழ்' என ஒற்றை வழக்கு இருப்பதாகப் பேசுவோருக்கு இது நல்ல மறுப்பு. கீரனூர் ஜாகிர்ராஜாவின் 'மீன்காரத் தெரு'வைச் சேர்த்து வாசித்தால், ஒரே ஊருக்குள்ளும் தெருவுக்குத் தெரு நாம் வேறுபட்டிருப்பது தெரியவரும். அந்நாவலுக்குத் தனிக் கட்டுரை வேண்டும். சல்மாவின் உரைநடையோ எளியது, சில இடங்களில் தட்டையானது. உரையாடல் வரும்போது உயிர் பெறுகிறது.

இந்நாவல்களைப் பற்றிய பேச்சு நம் ஊர்களில் பெரும்பாலும் ஆண்களுக்குள்ளேயே நடக்கிறது. அதிலும் வாசிக்காதவர்களின் குரலே ஓங்கியிருக்கிறது. பெண்களுக்கான அரபிக் கல்லூரிகள் இன்று பல ஊர்களில் உள்ளன. அங்கே ஃபிக்ஹில் குலாஃ பாடம் நடக்கும் வாரத்தில் 'மனாமியங்க'ளையும் மாணவியர் கையில் கொடுத்து, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப்பார்க்க நமக்கு ஆசை. மெஹர் செய்தது சரியா என்பதில் அவர்கள் நம்மோடு உடன்படாமலும் போகலாம்.