தாய்ப்பாலும் கதாசிரியர்களும்

ஆறேழு வருஷங்களுக்கு முன் நான் எழுதிய கதை ஒன்றில், தன் முதல் குழந்தைக்குப் பால் கொடுக்கிற ஒரு பெண் வருகிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மாலை வெயில். குழந்தை குடிக்கக் குடிக்க அவள் முகத்தில் ஒரு சாந்தி படர்கிறது. அந்தப் பாராவைச் சிலாகித்து நாலைந்து கடிதங்கள் வந்தன. எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

சமீபத்தில் அந்தக் கதைகளைப் புஸ்தகமாகப் போடுவதற்காகப் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஒரு தாளை எடுத்துப் படித்துவிட்டு, "இந்தப் பொண்ணு புண்ணியம் பண்ணினவ" என்றாள்.

"ஏன்?"

"அவளுக்கு வலிக்கவே இல்லையே!"

பிறகு, எங்கள் மூத்த பெண் பிறந்த சமயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டதாம். ஐந்தாம் நாள் காம்பு வெடித்துவிட்டது. குழந்தை வாய் வைத்ததும் உள்ளங்கால்வரை சுரீர் என்று இழுக்கும். புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவாளாம். முப்பது எண்ணுவதற்குள் கொஞ்சம் மட்டுப்படும். பிரசவ வலியாவது ஒரு ராத்திரியோடு போயிற்று. இது இரண்டு மணிக்கொரு தரம். "குழந்தை அழுதா, நீங்க கூடத்திலேருந்து 'பாலைக் கொடேன்'னு குரல் கொடுப்பீங்க" என்றாள்.

கூடத்தில் உட்கார்ந்து நான் என்ன எழுதிக்கொண்டிருந்தேன் என்பது நினைவில்லை. தாய்மையின் மகிமையைப் பற்றித்தான் என்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

"அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னேனே! எல்லாருக்கும் அப்படித்தான்னு உங்க அம்மா சொன்னாங்க. யாருக்கும் இப்படி இல்லையேன்னு எங்க அம்மா சொன்னாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டே சொல்றது?"

இந்த இரண்டு பதில்களும் என்னை வெகு நாட்கள் தொந்தரவு செய்தன. ஒன்று வலியைச் சட்டமாக்குகிறது. மற்றொன்று அதைக் குற்றமாக்குகிறது. இரண்டுக்கும் நடுவே, 'உனக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்க ஆளில்லை. கேட்க வேண்டியவன் கதாசிரியன் அல்லவா? நம்மவர்கள் கேட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன்.

பால் என்னவோ நம் இலக்கியத்தில் ஆறாக ஓடுகிறது. சீகாழிக் குளக்கரையில் அழுத குழந்தைக்கு உமாதேவி பால் கொடுத்ததைச் சேக்கிழார் பாடுகிறார். அந்தப் பாலும் பொற்கிண்ணத்தில் கறந்து கொடுத்தது. அம்பிகைக்குக்கூடக் கிண்ணம் வசதியாக இருந்திருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். அபசாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாயின் சிதைக்கு முன் நின்று பட்டினத்தார் பாடிய பாட்டை இன்று படித்தாலும் தொண்டை அடைக்கிறது. ஆனால் பத்து மாதம் சுமந்து பெற்றதைச் சொல்லும்போது உடம்பெல்லாம் நொந்ததைச் சொல்லும் அந்தத் துறவி, பாலூட்டியதைச் சொல்லும் இடத்தில் பொன்னைத்தான் காண்கிறார். நோவு பெறுவதோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் எல்லாம் தங்கம். நாங்கள் அத்தனை பேரும் இந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டு எழுதிவருகிறோம்.

விலக்குகளும் உண்டு. பெரியாழ்வாரின் யசோதை, நேற்று இரவிலிருந்து வாய் வைக்காமல் தூங்குகிற கண்ணனை எழுப்புகிறாள். உச்சிப்பொழுது ஆகிவிட்டது, மார்பில் பால் தானாக வழிந்து ஓடுகிறது. கெஞ்சுவது பிள்ளையின் பசிக்காக மாத்திரம் அல்ல என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் போய் நின்று தம் வீட்டைச் சொல்கிறார்: அடுப்பில் காளான் பூத்திருக்கிறது, பாலில்லாமல் வற்றித் தோலாய்ப் போன மார்பைச் சுவைத்துச் சுவைத்துக் குழந்தை அழுகிறது, அதன் முகத்தைப் பார்த்து அவள் கண் கலங்குகிறாள், அவளைப் பார்த்துவிட்டு நான் உன்னிடம் வந்தேன். பால் ஊறும் துவாரம் தூர்ந்துபோனதைக்கூட அந்தப் புலவர் கவனித்திருக்கிறார். பரிசில் கேட்க வந்தவர்தான். ஆனாலும் மனைவியின் உடம்பைப் பொன்னாகப் பார்க்காமல் உடம்பாகவே பார்த்தவர். அவருக்கு அப்புறம் வந்த நமக்கு அந்தக் கண் எங்கே போயிற்று?

பிள்ளை தவறிப்போன தாய்க்குப் பால் வற்றுவதற்காக, மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுகிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. மல்லிகையைப் பற்றி நாம் எழுதிய கதைகள் கொஞ்சமா! இந்த மல்லிகை ஒன்றிலும் என் கண்ணில் படவில்லை.

பால் பெருகுவதும் ஒரு உபத்திரவந்தான் என்பதை வைத்து மாப்பஸான் 1884-ல் ஒரு சின்னக் கதை எழுதியிருக்கிறார். ஜினோவாவிலிருந்து மார்ஸேல்ஸ் போகிற ரயிலில் ஒரு செவிலித்தாய். முதல் நாளிலிருந்து யாருக்கும் பால் கொடுக்காததால் மார்பு கனத்து மயக்கம் வருகிறது. எதிரே ஒரு வாலிபன். அவளுடைய உபத்திரவத்தை அவன் குடித்துத் தீர்க்கிறான். அவள் நன்றி சொல்ல, அவனும் நன்றி சொல்கிறான். அவன் சாப்பிட்டு இரண்டு நாளாயிற்று. விரசமாகப் போயிருக்க வேண்டிய விஷயம். போகவில்லை. காரணம், வலியும் பசியும் இரண்டும் நிஜம்.

ஆனால் இந்த விஷயத்தில் நான் மறுபடி மறுபடி போய் நிற்கிற இடம் டால்ஸ்டாய்தான். 'போரும் அமைதியும்' முடிவில் வருகிற நடாஷாவை எல்லாருக்கும் தெரியும். முதல் குழந்தைக்கு மூன்று செவிலித்தாய்களை மாற்றிப் பார்த்துக் குழந்தை தேறவில்லை. ரூஸோ சொன்னதைக் கணவன் பியேர் எடுத்துச் சொல்கிறான். அடுத்த குழந்தையிலிருந்து, தாயாரும் வைத்தியர்களும், கடைசியில் அந்தப் பியேரே தடுத்தும் கேளாமல், அவளே பாலூட்டுகிறாள். நல்லது. ஆனால் அவளுக்கு ஒரு நாளாவது நொந்ததா? சொல்லக் காணோம். நடாஷாவின் பால் ரூஸோவின் புஸ்தகத்திலிருந்து சுரக்கிறது என்று சொன்னால் டால்ஸ்டாய் பக்தர்கள் கோபித்துக்கொள்ளலாம். என் ஜன்னலோரப் பெண்ணுக்கு அவள் தூரத்து உறவு.

'அன்னா கரீனினா'வில் வரும் டாலி வேறு ஜாதி. ஆறாம் பாகத்தில் அவள் அன்னாவைப் பார்க்க வண்டியில் போகிறாள். வீட்டில் குழந்தைகளுக்கு நடுவே அவளுக்கு யோசிக்கவே நேரம் கிடைத்ததில்லை. வண்டியில் தனியாக உட்கார்ந்ததும் பதினைந்து வருஷக் கல்யாண வாழ்க்கை மளமளவென்று வந்து கொட்டுகிறது. கர்ப்பம், குமட்டல், அழகு போனது, பிரசவம். அப்புறம், ஏறக்குறைய ஒவ்வொரு குழந்தைக்கும் காம்பு வெடித்துப் பட்ட வேதனை. நினைத்த மாத்திரத்தில் அவள் உடம்பு நடுங்குகிறது. அவ்வளவுதான், ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. டாலியைவிடப் பிள்ளைகளிடம் உயிரை வைத்த தாய் அந்த நாவலிலேயே இல்லை. பாசம் இருந்தால் வலிக்காது என்பவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

அவள் தங்கை கிட்டிக்கு வேறு விதம். எட்டாம் பாகத்தில், குழந்தையின் அறைக்குப் போவதற்கு முன்பே மார்பில் பால் இறங்குகிற உணர்ச்சியைக் கொண்டு குழந்தைக்குப் பசி என்று தெரிந்துகொள்கிறாள். வைத்திய சாஸ்திரம் இதை மெய் என்கிறது. குழந்தையின் அழுகையைக் கேட்டாலும் நினைத்தாலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பாலை இறக்கிவிடும். சிலருக்கு அது சுள்ளென்று தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு பக்கம் அன்னா. பிரசவ ஜுரத்தில் பிழைத்தவள். அவள் குழந்தைக்குச் செவிலிப்பால். அந்தக் குழந்தை ஓயாமல் அழுவது ஏன், செவிலியிடம் பாலில்லையோ என்று விசாரிக்கிறவர், அதற்குத் தகப்பனல்லாத கரீனின்! ஒரு வீட்டில் குழந்தை பட்டினி கிடப்பதை யார் கவனிக்கிறார்கள் என்பதை வைத்து மனிதரை எடை போட்டுக் காட்டும் அந்த இடம், அன்னா ரயிலில் விழும் இடத்துக்கு எனக்கு ஒரு மாற்றுக் குறைந்ததல்ல.

ஒரே நாவலில் அக்காளுக்கு ஒரு விதம், தங்கைக்கு ஒரு விதம். எது தாய்மை என்று டால்ஸ்டாய் தீர்ப்புச் சொல்லவில்லை. நாவலின் பலம் அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவு தெரிந்த மனிதர் வீட்டில் எப்படி இருந்தார்? 1863-ல் முதல் பிள்ளை பிறந்தபோது ஸோபியாவுக்குப் பத்தொன்பது வயது நிரம்பவில்லை. காம்பு வெடித்து, மார்பு வீங்கி அவள் தவிக்கிறாள். செவிலித்தாயை அமர்த்தக் கூடாது, தாய்தான் கொடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். அவளுடைய டைரியிலேயே ஒரு நாள் மன்னிப்புக் கேட்டு எழுதினார். பிறகு கோபம் வந்து, எழுதியதைத் தாமே அடித்துவிட்டார். எழுதியதை அடிப்பது எங்கள் தொழிலில் சகஜம். கடைசியில் செவிலித்தாய் வரத்தான் வந்தாள். நடாஷாவை அவர் எழுதியது அதற்குச் சில வருஷங்களுக்குள். டாலியை எழுத 1870-களின் நடுப்பகுதி ஆகவேண்டியிருந்தது. டைரியில் அடித்த வரியைத்தான் டாலியின் வண்டிக்குள் திரும்ப எழுதினார் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகந்தான். கதாசிரியன் ஊகிக்காமல் வேறு என்ன செய்வான்?

ஒன்று சொல்லிவிட வேண்டும். டாலியைப் பார்த்துவிட்டு, பாலூட்டுவதென்றால் வலிதான் என்று நாளை நாலு கதைகள் கிளம்புமானால் அதுவும் பொய். முதல் சில நாள் உறுத்தல் பலருக்கு உண்டு. ஆனால் காம்பு வெடித்து மேலும் மேலும் நோகிறதென்றால், பெரும்பாலும் குழந்தை சரியாகக் கவ்வவில்லை என்று அர்த்தம், காம்பை மட்டும் பற்றாமல் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பற்ற வேண்டும், படுக்க வைக்கும் விதத்தை மாற்றினாலே அநேகருக்குச் சரியாகிவிடும், சில குழந்தைகளுக்கு நாக்கின் அடி நரம்பு குட்டையாக இருக்கும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். மார்பு சிவந்து ஜுரமும் வந்தால் வைத்தியம் வேண்டும். என் மனைவிக்கு இதை யாரும் சொல்லவில்லை. 'எல்லாருக்கும் அப்படித்தான்' என்கிற வீட்டில் யார் சொல்வார்கள்?

அந்தப் பாராவைப் புரூப்பிலேயே அடித்துவிட்டேன். புதிதாக ஒன்று எழுதி, தலைப்பைக் கடித்துக்கொண்டு எண்ணுகிற பெண்ணாக மாற்றி, அவளிடம் காட்டினேன். படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க அக்காவுக்கு மூணு குழந்தைக்கும் ஒரு நாள்கூட வலிச்சதில்லே. பால் கொடுத்துக்கிட்டே தூங்கிடுவா. உங்க கதையில வர்றது நானா, அவளா?"

கதையில் அந்தப் பெண்ணுக்கு நான் பெயர்கூட வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அச்சகத்திலிருந்து இரண்டு தரம் ஆள் வந்துபோய்விட்டான். அந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் கொடுத்தனுப்பவில்லை.