மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து

கோப்பை கழுவி முடித்து நடுச்சாமத்தில் அறைக்கு வந்து நான் வாசித்த புத்தகம், அந்துவான் து செந்தெக்சுபெரி 1939இல் வெளியிட்ட ‘மனிதர்களின் பூமி’. கடற்படைக் கல்லூரி நுழைவுப் பரீட்சையில் தவறியவர் இவர். 1926இல் துலூசில் தபால் விமானக் கம்பனியொன்றில் சேர்ந்தார். 1927இல் சகாராக் கரையில் கேப் ஜூபி நிலையப் பொறுப்பாளர். 1929இல் புவனஸ் அயர்சில் பணிப்பாளர். இவரைத் தொழில் நாடுநாடாகக் கொண்டுபோனது. எங்களைக் கொண்டுவந்தது வேறு.

மலையும் மணலும் புயலும் மனிதனை அவனுக்கே காட்டித்தருவதை இவரளவுக்கு எழுதியவர்கள் குறைவு. கடைசி அத்தியாயத்தோடுதான் எனக்கு வழக்கு. பிரான்சில் வேலைபோய் ஊர் திரும்பும் நூற்றுக்கணக்கான போலந்துத் தொழிலாளர், புகையிரதத்தின் மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்து உறங்குகிறார்கள். பெற்றோருக்கு நடுவே உறங்கும் குழந்தையில் அவர் ஒரு மொசார்ட்டைக் காண்கிறார், கருகப்போகும் மொசார்ட்டை. பிறகு தன் பெட்டிக்குத் திரும்பிவிடுகிறார்.

அவருடைய இரக்கம் பொய்யில்லை. ஆனால் சக விமானிகளான மெர்மோசுக்கும் கியோமேக்கும் அந்தப் புத்தகத்தில் பெயர் உண்டு, பேச்சு உண்டு. இவர்களுக்கு உறக்கம் மட்டுமே. அந்தப் பெட்டியில் ஒருவனாவது விழித்திருந்திருப்பான். அவன் எழுதவேண்டிய புத்தகம் இன்னும் பாக்கி. அதை நாங்கள்தான் எழுதவேண்டும்.