குடவோலையும் கணக்கோலையும்

மக்களாட்சி மேனாட்டுச் சரக்கன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே தமிழகத்தில் தேர்தல் நடந்தது என்று முழங்குவோர் இன்றும் உளர். கங்கைகொண்ட சோழபுரத்தைத் தன்னகத்தே கொண்ட அரியலூர்ச் சீமையில், வரதராஜன்பேட்டை போன்ற பேரூர்களில், சோழர் பெருமை செவிக்கு இனிக்கத்தான் செய்யும். சான்று கேட்டால் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவர். படித்துத்தான் பார்ப்போமே!

முதற் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, உள்ளிருப்பது அறியாச் சிறுவனைக் கொண்டு ஒன்றை எடுப்பித்தனர். இது திருவுளச்சீட்டு, வாக்களித்தவர் எவருமிலர். ஓலையில் பெயரேற என்ன தகுதி? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; அகவை 35-க்கு மேல் 70-க்குள் வேண்டும்; வேத மந்திரமும் பிராமணமும் ஓதியிருக்க வேண்டும். உழுதவனுக்கு இடமில்லை, நெய்தவனுக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமேயில்லை. பிரமதேயத்துச் சபையைத் தமிழர் குடியாட்சி என்பது, அக்கிரகாரத்துத் திண்ணையை ஊர்ப்பொது மன்றம் என்பது போலாம்! மகளிர்க்கு வாக்குரிமை வர, 1921-ல் நீதிக்கட்சி ஆட்சி தேவைப்பட்டது. சொத்தில்லாதார்க்கு வர 1952 ஆயிற்று.

ஆயினும் அக்கல்லில் நாம் போற்றும் வரியொன்று உண்டு. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் மீண்டும் குடம் ஏறாது; அவன் நெருங்கிய உறவினர் பெயரும் ஏறாது. உறவுக்காக ஒருவரை ஒறுப்பது நமக்கு உடன்பாடன்று. ஆனால் பினாமி வழியை அன்றே அடைத்த கூர்மையை மறுப்பாரில்லை. இன்றைய சட்டமோ, தேர்தல் செலவுக் கணக்குத் தராதவரை மூன்றாண்டு மட்டும் விலக்கி வைக்கிறது. 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடாப் புகாரால் நிறுத்தப்பட்டதைக் கண்டோம்.

குடத்தின் வாய் அகன்றுவிட்டதாகவும் மகிழ்வதற்கில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகள் 1996-ல் தாழ்த்தப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்டன. சாதி வெறியர் 2006 வரை அங்கு முறையான தேர்தல் நடக்க விடவில்லை. மேலவளவில் தலைவராக வென்ற முருகேசன் 1997-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். பராந்தகன் கல்லில் எழுதி விலக்கியதை இவர்கள் அரிவாளால் எழுதினர்.

இனி வரதராஜன்பேட்டைக்கு வருவோம். 2016 அக்டோபரில் பேரூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேல், மக்கள் தேர்ந்தெடுக்காத தனி அலுவலர்களே குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் செலவு செய்தனர். புதிய மன்றங்களில் பாதியிடம் மகளிர்க்கு என்பது நமக்குப் பெருமகிழ்ச்சி. அப்பெண் உறுப்பினர்கள், அந்த ஐந்தாண்டு வரவு செலவை ஏடு ஏடாக ஊர்ப்பொதுவில் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். கணவன்மார் குறுக்கே வந்து நாற்காலியில் அமர்ந்தால், உத்திரமேரூர்க் கல்லில் உறவினர்க்கு விதித்த தடையை அவர்களுக்கு எடுத்துக் காட்டட்டும்.