ரேடியோ நெல்லும் கரிசல் விதைப்பும்: தோட்டாக் கோட்பாட்டின் எல்லை

ஊடக விளைவு குறித்த தொடக்கக்காலச் சிந்தனைகள் ஊசிக் கோட்பாடு, தோட்டாக் கோட்பாடு என்னும் பெயர்களில் கற்பிக்கப்படுகின்றன. செய்தி கேட்போர் உள்ளத்தில் நேரடியாகவும் ஒரே விதமாகவும் பாயும் என்பது இவற்றின் சாரம். முதல் உலகப்போர்ப் பரப்புரையை ஆராய்ந்து ஹெரால்டு லாஸ்வெல் 1927இல் வெளியிட்ட நூல் இதன் மூலமாகச் சுட்டப்படுகிறது. செவ்வாய்க் கோளினர் படையெடுப்பை நடித்துக்காட்டிய 1938ஆம் ஆண்டு அமெரிக்க வானொலி நாடகம் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆயின் அந்நிகழ்வை ஆராய்ந்த ஹேட்லி கேன்ட்ரிலின் நூல் (1940), கேட்டோரில் பெரும்பாலோர் அஞ்சவில்லை என்பதையும், செய்தியைச் சரிபார்க்கும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபட்டதையும் காட்டுகிறது. கோட்பாட்டுக்குரிய சான்றே அதனை மறுக்கிறது.

தமிழகச் சூழலில் இதற்கு இணையாக வைத்து நோக்கத்தக்கது 'ரேடியோ நெல்'. 1960களின் நடுப்பகுதியில் தஞ்சை மாவட்டத்தில் பரவிய ஆடுதுறை 27 நெல்லை, திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு வழியே அறிந்த உழவர் இப்பெயரால் அழைத்தனர். வானொலி சொன்னது, உழவர் விதைத்தனர் என இதனை வாசிப்பது எளிது. ஆனால் அது குறுவைக்கேற்ற குறுகியகாலப் பயிர். காவிரிப் பாசனம் இருந்தது. தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் விதை, உரம், கடன் ஆகியவற்றுக்கு வழிசெய்திருந்தது. வானொலியின் பங்கு மறுக்கத்தக்கதன்று. அது தனித்து நின்று இயங்கவில்லை என்பதே கருதத்தக்கது.

இதே அறிவுரை கோவில்பட்டி வட்டாரத்துக் குளத்தூர் போன்ற கரிசல் ஊர்களில் ஒலித்திருப்பினும் அதே விளைவு நிகழ்ந்திராது. பருத்தி, கம்பு, சோளம், மிளகாய், மல்லி என மானாவாரிப் பயிர்களை நம்பிய நிலம் அது. பருவமழைக்கு முன்பே விதைக்கலாம் என்னும் பரிந்துரையைக் கேட்கும் உழவர், மழை பிந்தினால் விதை வீணாகுமே என எண்ணிப் பார்க்கிறார். தயக்கம் அறியாமையன்று, இழப்பைத் தாங்கும் வலுவைப் பற்றிய கணக்கு.

லாசர்ஸ்ஃபெல்டும் உடனாய்வாளரும் 1944இல் வெளியிட்ட தேர்தல் ஆய்வு, ஊடகத்துக்கும் மக்களுக்கும் இடையே கருத்துத் தலைவர் இருப்பதை உணர்த்தியது. 1956இல் பால் நியூராத் மகாராட்டிர ஊர்களில் நடத்திய வானொலி உழவர் மன்ற ஆய்வில், வானொலி மட்டும் இருந்த ஊர்களைவிட, கேட்டபின் கூடிப் பேசிய ஊர்களில் அறிவு மிகுதியாக வளர்ந்தது. தோட்டாக் கோட்பாடு கேட்போரைத் தனியராகக் கண்டது. பிந்தைய ஆய்வுகள் உறவுகளுக்குள் வைத்துக் கண்டன. எனினும் நிலமும் நீரும் கடனும் இவ்விரு விளக்கங்களிலும் மையம்பெறவில்லை.

இக்குறை வகுப்பறையோடு நிற்பதில்லை. பரிந்துரை ஏற்கப்படாதபோது கேட்போரைப் பின்தங்கியோர் எனக் குறிக்கும் போக்கு இதிலிருந்தே பிறக்கிறது. எனவே தமிழ் ஊடக ஆய்வு, 'செய்தி சென்றடைந்ததா' என்பதோடு 'ஏற்றுச் செயற்படும் வாய்ப்பு அவருக்கு இருந்ததா' என்றும் வினவுதல் வேண்டும்.