களவாடப்பட்ட முட்டைகள்

'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் விளையாட்டில் மேசையைச் சுற்றி அமர்வோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்வர். 1980களில் அமெரிக்கச் சபையார் பலர் இதனைப் பிசாசின் கருவி எனப் பழித்துத் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டனர். மந்திரச் சொற்களையும் பேய்ப் பெயர்களையும் தேடித் தேடிக் கண்டித்த அவர்கள், அவ்விளையாட்டு உயிர்களின் பிறப்பைப் பற்றிச் சொல்லும் செய்தியை ஆராய்ந்தாரல்லர். அதுவே ஆராயத்தக்கது என்பது நம் கருத்து.

அவ்விளையாட்டின் வலுசர்ப்பங்கள் இரு பெரும் குலங்களாக வகுக்கப்பட்டுள்ளன. கருமை, செம்மை, நீலம், பச்சை, வெண்மை ஆகிய நிறத்தன தீயவை. பொன், வெள்ளி, வெண்கலம், செம்பு, பித்தளை ஆகிய உலோகத்தன நல்லவை. 1977இல் வெளிவந்த விலங்குக் கையேடு, குஞ்சுப் பருவம் முதல் தொன்முதுமை வரை எட்டுப் பருவங்களை வகுத்து, பருவம் ஏற ஏற உயிர்வலிமையும் ஏறும் என விதித்தது. பின்னர் 1989இல் பருவங்கள் பன்னிரண்டாயின. 2014இல் நான்காகச் சுருங்கின. எண்ணிக்கை மாறினும் அடிப்படை மாறவில்லை. முதுமை என்பது அங்கே தளர்ச்சியன்று, வலிமையின் பெருக்கம். மனந்திரும்புதலுக்கென ஒரு பருவம் அந்த அட்டவணையில் இல்லை. ஓட்டின் நிறத்தைக் கண்டமாத்திரத்தில் உள்ளிருக்கும் குஞ்சின் ஒழுக்கமும் தெரிந்துவிடும்.

இவ்வமைப்பின்மீது முதற்கல்லை எறிந்தது, அதே விளையாட்டுக்கென எழுந்த 'டிராகன்லான்ஸ்' என்னும் கதைத்தொகுதியே. டிரேசி ஹிக்மனும் மார்கரெட் வைஸும் எழுதிய முதல் மூன்று நாவல்கள் 1984, 1985 ஆண்டுகளில் வெளிவந்தன. ஹிக்மன் மார்மன் சபையைச் சேர்ந்தவர் என்பதை இங்கு நினைவில் கொள்வது பயன் தரும். கதை இதுதான்: தகிசிஸ் என்னும் தீமையின் அரசி, நல்ல வலுசர்ப்பங்களின் முட்டைகளைக் களவாடச் செய்கிறாள். போரில் தலையிடாதிருந்தால் முட்டைகள் திரும்பக் கிடைக்கும் என்று பெற்றோரிடம் ஆணை வாங்கப்படுகிறது. பெற்றோர் ஆணையைக் காத்து வாளாவிருக்க, மறைவிடத்தில் அம்முட்டைகள் மந்திரத்தால் கெடுக்கப்பட்டு, அவற்றிலிருந்து டிராகோனியர் என்னும் போர்வீரக் கூட்டம் வெளிப்படுகிறது. பித்தளை முட்டையிலிருந்து பாஸ், செம்பிலிருந்து கபாக், வெண்கலத்திலிருந்து போசாக், வெள்ளியிலிருந்து சிவாக், பொன்னிலிருந்து ஔராக் என ஐவகை. இவற்றுள் உண்மையாகப் பறக்க வல்லது சிவாக் ஒன்றே. பொன்னின் வழிவந்த ஔராக்கிற்கோ சிறகே கிடையாது. உயர்ந்த குலத்தின் பிள்ளைக்கு வானம் மறுக்கப்பட்டது என்பதில் ஆசிரியர்களின் கூர்மை தெரிகிறது.

எனினும் இவ்வினத்தின் பிறப்பைவிட இறப்பே நம்மை நெடுநேரம் நிறுத்துகிறது. பாஸ் வெட்டுண்டால் கல்லாகி, வெட்டியவனின் வாளைத் தன்னுள் பற்றிக்கொண்டு, பின் தூளாகிறது. கபாக் எரிக்கும் அமிலக் குட்டையாக உருகுகிறது. போசாக்கின் தசை வற்றி எலும்புகள் வெடித்துச் சிதறுகின்றன. சிவாக் தன்னைக் கொன்றவனின் உருவத்தையே எடுத்துக்கொண்டு கிடக்கிறது. ஆடுவோர் இவற்றைச் சுவையான இடர்களாகவே கொள்வர். அவ்வாறு கொள்வதற்கே இவை அமைக்கப்பட்டன. ஆனால் ஒன்றைக் கூர்ந்து நோக்குக: அடக்கம் செய்யத்தக்க சடலம் எதுவும் எஞ்சுவதில்லை. எதிரியின் பிணத்தருகே நின்று, இவன் யாருடைய மகன் என்று வினவ வீரனுக்கு இடமே தரப்படவில்லை. வீரர் குற்றவுணர்வின்றிக் கொல்வதற்கு வசதியான பகைவர் விளையாட்டுக்குத் தேவை. அத்தேவையே இச்சாவுகளை வகுத்தது என்று நாம் ஐயுறுகிறோம். கொன்றவனின் முகத்தோடு கிடக்கும் சிவாக்கின் சடலம் மட்டும், ஆசிரியர் கருதியோ கருதாமலோ, அவ்வசதியைச் சற்றே கலைக்கிறது.

உண்மை வெளிப்பட்டபின் நல்ல வலுசர்ப்பங்கள் ஆணையிலிருந்து விடுபட்டுப் போருக்கு வருகின்றன. நாவல் இதனை வெற்றியின் விடியலாகக் காட்டுகிறது. ஆயின் அவை யாரை எதிர்த்து வருகின்றன? பகைவர் அணியில் நிற்போர் அவற்றின் சொந்த மக்களல்லவா? கதையின் நடுநரம்பாகியிருக்க வேண்டிய இத்துயரத்தில் நாவல் நின்று சிந்திப்பதில்லை. தொகுதியின் மிகப்பெரிய குறை இதுவே.

தீமையால் படைக்க இயலாது, படைக்கப்பட்டதைக் கெடுக்கவே இயலும் என்ற கொள்கை அகுஸ்தீனுக்குப் பின்வந்த நமக்குப் பழகியதே. டோல்கியனும் அதனைப் பற்றி நின்றார். அவர் மறைவுக்குப்பின் 1977இல் வெளிவந்த 'சில்மரிலியன்', ஓர்க்குகள் சிறைபிடித்துக் கெடுக்கப்பட்ட எல்ஃபுகளே என்னும் கருத்தைத் தாங்கியுள்ளது. ஆனால் கெடுக்கப்பட்டோர் மீட்கப்படுவரா என்ற வினா அவரை இறுதிவரை அமைதியாக இருக்கவிடவில்லை. ஓர்க்குகளின் தோற்றத்தைப் பற்றி அவர் பலமுறை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார். அந்த அமைதியின்மை டிராகன்லான்ஸின் முதல் நாவல்களில் காணப்படவில்லை.

அது பிறிதொரு நூலில் தோன்றிற்று. வைஸும் டான் பெரினும் எழுதி 1996இல் வெளியான 'தி டூம் பிரிகேட்', போர் முடிந்தபின் மலைப்பள்ளத்தாக்கு ஒன்றில் குடியேறிய டிராகோனியப் பொறியாளர் படையைப் பற்றியது. காங் என்னும் போசாக் அவர்களின் தலைவன். அண்டையிலுள்ள குள்ளரோடு அவர்கள் இடும் பூசல்கள் பெரும்பாலும் நகைப்புக்கிடமானவை. சாராயத்திற்காக நடக்கும் திருட்டும் அவற்றுள் அடக்கம். நகைப்பின் அடியில் ஓர் அச்சம் உள்ளது. படைக்கப்பட்டோர் அனைவரும் ஆண்கள்; ஆகவே இத்தலைமுறையோடு இனம் அற்றுவிடும். போருக்கெனச் செய்யப்பட்டவர்களுக்குச் சந்ததி எதற்கு என்பது அவர்களை ஆக்கியோரின் எண்ணம். இறுதியில் பெண் டிராகோனியக் குஞ்சுகள் கண்டெடுக்கப்படும்போது, அக்கடுமையான படைவீரர் வளர்ப்புத் தந்தையராக மாற வேண்டியதாகிறது. இலக்கியத் தரத்தில் இந்நூல் நடுத்தரமானதே. ஆயினும் பிதாக்களின் குற்றமும் பிள்ளைகளின் பொறுப்பும் பற்றிய எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தின் வாதத்தை மாணவருக்கு விளக்கப்புகும் ஆசிரியர், முதல் மூன்று நாவல்களைவிட இதனையே எடுத்தாளலாம்.

பிற்காலத்தார் வேறொரு வழியும் கண்டனர்: தீய வலுசர்ப்பங்களின் முட்டைகளை அதே மந்திரத்திற்கு உட்படுத்தினால் நல்ல டிராகோனியர் பிறப்பர் என்றனர். இது விடையன்று, சூத்திரத்தைத் தலைகீழாக்கியதே. ஓடே இன்னும் ஒழுக்கத்தைத் தீர்மானிக்கிறது.

2008 முதல் 'டிராகன்பார்ன்' என்னும் வலுசர்ப்ப மாந்தர், ஆடுவோர் தாமே ஏற்கத்தக்க பாத்திரமாகக் கையேட்டில் இடம்பெற்றனர். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி அவர்களின் குஞ்சு பொரித்த சில மணிநேரத்தில் நடக்கும். மூன்று வயதில் பத்து வயதுச் சிறுவனின் வளர்ச்சி பெறும். பதினைந்தில் முதிர்ச்சி அடையும். ஏறத்தாழ எண்பது வயது வாழும். நன்மை தீமை அவரவர் தெரிவு. பிறவியிலேயே தீய இனங்கள் என்னும் சித்திரிப்பைத் திருத்துவதாக 2020இல் வெளியீட்டாளரும் அறிவித்தனர். இருப்பினும் 2022இல் டிராகன்லான்ஸ் உலகம் புதிய நூலாகத் திரும்பியபோது, டிராகோனியர் பகைவர் வரிசையிலேயே நின்றனர். ஒவ்வொரு வகையும் மடியும்போது எவ்வாறு வெடிக்கும், எவ்வாறு கல்லாகும் என்னும் குறிப்புகளும் உடன் வந்தன.